பின்பக்கத்து வலது ஸ்பீக்கர்

ஆடாதே என்கிறார். நான் எங்கே ஆடினேன், மூச்சு விட்டேன், அவ்வளவுதான். சோபாவுக்கு நட்டநடுவில் முதுகை நிமிர்த்தி, ஒரு கையை மடியில் போட்டுக்கொண்டு, இவர் என்னைப் பெண் பார்க்க வந்த அன்று உட்கார்ந்ததைவிட அடக்கமாக உட்கார்ந்திருக்கிறேன். இஞ்ச் டேப்பின் தகர நுனி காது மடலில் சில்லென்று படுகிறது. "இதைக் காதோட சேத்துப் புடிச்சுக்க அம்மிணி, உன்ற காதுலேர்ந்துதான் அளவு," என்று சொல்லிவிட்டு, டேப்பை இழுத்துக்கொண்டே டிவி ஸ்டாண்டு வரைக்கும் பின்னால் நகர்ந்து போகிறார். ஒன்பதடி இரண்டு இஞ்ச். உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்கிறார். முப்பத்தோரு வருஷம் நூற்பாலையில் ஃபிட்டராக இருந்தவருக்கு எழுதக் காகிதம் தேடும் பழக்கம் கடைசிவரை வரவில்லை. வெள்ளிங்கிரி ஃபிட்டர் என்றால் ஒண்டிப்புதூரில் இன்றைக்கும் நாலு பேருக்குத் தெரியும். அந்த வெள்ளிங்கிரி ஃபிட்டர்தான் அரை டிராயரோடு ஹாலில் மண்டியிட்டுக்கொண்டு, என் காதுக்கும் ஐந்து ஸ்பீக்கர்களுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்துகொண்டிருக்கிறார். அளவைச் சொல்லிவிட்டால் ஆம்ப்ளிஃபயர் எல்லாச் சத்தத்தையும் ஒரே நேரத்தில் காதுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடுமாம். சேர்க்கட்டும். என் காதுக்கு வந்து சேர்வதில் ஒரு கஷ்டமும் இல்லை. இவர் காதுக்கு என்ன வந்து சேரும் என்பதுதான் காலையிலிருந்து என் கவலை. இவருக்குக் காது மந்தமாகிவிட்டது. இரண்டு காதும், அதிலும் வலது காது நன்றாகவே. அது எனக்குத் தெரியும். இவருக்குத் தெரியாது.

தெரியாமல் ஒரு மனுஷன் இருப்பானா என்று கேட்டால், இருப்பான், நான் கட்டிக்கொண்டு குடும்பம் நடத்துகிறேன். மில்லுக்குள்ளே ஓடுகிற மெஷின் சத்தத்தில் யாருக்கும் யார் பேசுவதும் காதில் விழாது. எல்லோரும் உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். கல்யாணமான புதிதில் இவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பதை நான் ஆசை என்று நினைத்துக்கொண்டு முகம் சிவந்திருக்கிறேன். ஆசையும் இருந்திருக்கும், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் பாதி பழக்கம். காதால் கேட்பது எது, கண்ணால் கேட்பது எது என்று இவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. அதனால் காது போனது இவருக்குத் தெரியாமலே போயிற்று. எதிரே நின்று பேசினால் ஒரு சொல் தவறாது. செய்தி வாசிக்கிற பெண் நேரே பார்த்துப் பேசுகிறாள், அது புரிகிறது. டப்பிங் சீரியல் வந்தால் மட்டும் எரிந்து விழுவார், "வாயி ஒண்ணு சொல்லுது, பேச்சு ஒண்ணு சொல்லுது, இதையெல்லாம் எவன் பாப்பான்" என்று. அன்றைக்குத்தான் எனக்கு முதலில் பொறி தட்டியது. அதற்குமுன் குக்கர். மூன்று விசில் வந்ததும் அணையுங்கள் என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தால் தெருமுனை வரைக்கும் பருப்பு தீய்ந்த வாசனை, இவர் அடுப்பிலிருந்து நாலடி தள்ளி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். "விசிலே வரலை அம்மிணி, வெயிட்டு அடைச்சிருக்கும்," என்று சத்தியம் செய்யாத குறை. அன்றே குக்கரைப் பிரித்துச் சுத்தம் செய்து, கேஸ்கட்டையும் மாற்றினார். அப்புறம் காலிங் பெல் சரியில்லை என்று மாற்றினார், இப்போது அதை அழுத்தினால் எதிர் வீட்டுக்காரர் எழுந்து கதவைத் திறக்கிறார். அப்புறம் போன். அப்புறம் டிவி. வீட்டில் ஒவ்வொரு சாமானாகக் குற்றவாளி ஆகிக்கொண்டே வந்தது, நான் வாயைத் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை. இதை எத்தனை தடவை என்னையே கேட்டிருப்பேன், காய் நறுக்கும்போது, துணி மடிக்கும்போது. மகள் மோகனாகூட பெங்களூரிலிருந்து போன் செய்யும்போது ஒருநாள் கேட்டாள், "அப்பாவுக்குக் காது கேக்கறதில்லையாம்மா?" என்று; நான் அவள் மேலே பாய்ந்துவிட்டேன், "அவருக்கென்னடி, உனக்குத்தான் வாய்க்குள்ள பேசற பழக்கம்" என்று. பாவம் அவள். இவருக்குக் காது வெறும் காது இல்லை, அதுதான் இவர் பிழைப்பு. நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓடுகிற மெஷின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி நிற்பாராம். பத்து வினாடி. எந்த பேரிங் போகப்போகிறது, இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவாராம். ஒருமுறை ஜெர்மனியிலிருந்து வந்த ஆள் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றானாம், இவர் நாலு நாள் என்றாராம், நாலாம் நாள் சாயங்காலம் மெஷின் நின்றதாம். இந்தக் கதையை எங்கள் கல்யாணத்துக்கு வந்தவர்களிடமும் சொன்னார், மோகனா கல்யாணத்துக்கு வந்தவர்களிடமும் சொன்னார். நாலாம் நாள் என்று சொல்லும்போது விரலை மடக்குகிற விதம்கூட மாறவில்லை. எனக்கு அது அலுத்ததே இல்லை. போன ஆடியில் பக்கத்து வீட்டுக் கிட்டுசாமி தன் போர் மோட்டாரைப் பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டபோதும் அந்த ஸ்க்ரூடிரைவரோடுதான் போனார். ஒன்றுமில்லை, நல்லா ஓடுது என்று சொல்லிவிட்டு வந்தார். ஒரு வாரத்தில் மோட்டார் எரிந்துபோயிற்று. கிட்டுசாமி தங்கமான மனுஷன், ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவர்தான் அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. அந்த முகத்தை நான் மறுபடி பார்க்க வேண்டாம், வேண்டவே வேண்டாம். இன்னொன்று, காளியப்பண்ணன். அதே மில்லில் வேலை பார்த்தவர். செவிட்டுக் காளியப்பன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், இவரும் சேர்ந்துதான் சொல்வார். கல்யாண வீடுகளில் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, வருகிற போகிற எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். யார் என்ன கேட்டாலும் ஆமாங்க என்பார். கடைசிக் காலத்தில் பேச்சையே விட்டுவிட்டார். இவர் பேச்சை விட்டுவிட்டால் இந்த வீட்டில் நான் என்ன செய்வேன். முப்பத்தாறு வருஷமாக இந்த மனுஷன் தொணதொணவென்று பேசுவதைக் கேட்டே பழகிவிட்டேன், சும்மா இருங்களேன் என்று வாய்தான் சொல்லும்.

"இப்ப வலது காது," என்று வந்து நிற்கிறார். டேப்பை மாற்றிப் பிடிக்கிறேன். என் தலைமுடியை ஒதுக்கிவிட்டு நுனியைச் சரியாக வைக்கிறார்; செம்புக் கம்பி சீவிய வாசனை கையில். இவ்வளவு பக்கத்தில் வந்து என் காதைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. "ஏனுங்க, தோட்டை வேணும்னாக் கழட்டிரட்டுங்களா, சத்தம் தடுக்கப் போவுது," என்கிறேன். சிரிக்கிறார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கேட்டது. எல்லாம் நான் சொன்ன ஒரு பொய்யில் ஆரம்பித்தது. போன தை மாதம் ஒருநாள் சாயங்காலம் டிவியை நாற்பதில் வைத்துவிட்டு, அப்படியும் திருப்தியில்லாமல் என் பக்கம் திரும்பி, "இவிய பேசறது உனக்காச்சும் புரியுதா அம்மிணி?" என்றார். கேட்ட குரலில் விளையாட்டு இல்லை. கொஞ்சம் பயம் இருந்தது. எனக்கு எல்லாம் புரிந்தது, அடுத்த தெருவுக்கே புரிந்திருக்கும். "எங்கீங் புரியுது, எல்லாரும் வாய்க்குள்ளயே பேசிக்கறாங்க," என்று சொல்லிவிட்டேன். அப்படியே முகம் தெளிந்துவிட்டது. நான் நினைச்சேன், டிவி ஸ்பீக்கர்தான் கோளாறு, ஒல்லி டிவியில ஸ்பீக்கரு எங்க வெப்பான், பின்னாடி செவுத்தைப் பாத்து வெச்சிருக்கான் என்று அரைமணி நேரம் விளக்கினார். மறுநாளிலிருந்து போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தார். மோகனா, டிவிக்குக் கீழே வைக்கிற நீளமான ஒரே ஸ்பீக்கர் போதும்ப்பா, ஒரு ஒயர்தான் என்றாள். ஒரே டப்பாவுக்குள்ள அஞ்சு ஸ்பீக்கர்னு சொல்றதெல்லாம் ஏமாத்து வேலை சாமி என்று தள்ளிவிட்டார். படத்தில் பேச்செல்லாம் நடு ஸ்பீக்கரில்தான் வருமாம், அதனால் நடு ஸ்பீக்கர் நல்லதாக இருந்தால் எல்லாப் பேச்சும் தெளிவாகக் கேட்டுவிடுமாம். அதைச் சொல்லும்போது கண்ணில் அப்படி ஒரு நம்பிக்கை. ஒரு பொய்க்குப் பிறகு நிறுத்துவதற்கு இடமே கிடைக்காது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

காந்திபுரத்துக் கடையில் ஒரு இருட்டு அறைக்குள் எங்களை உட்காரவைத்து, டை கட்டிய ஆள் ஹெலிகாப்டரைப் பறக்கவிட்டார், கண்ணாடியை உடைத்தார், கட்டடத்தை இடித்தார். எனக்குப் பல்லெல்லாம் கூசியது. இவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "ஹெலிகாப்டரு எங்க ஊட்டு மேல வேண்டாமுங். ரெண்டு பேரு மெதுவாப் பேசிக்கற எடம் எதாச்சும் இருந்தாப் போடுங்க," என்றார். அப்படி ஒன்று அவர்களிடம் இல்லவே இல்லை. பேசிக்கொள்வதைக் கேட்பதற்கு யாரும் ஸ்பீக்கர் வாங்குவதில்லை போலிருக்கிறது. கடைசியில் ஏதோ ஒரு பாட்டைப் போடச் சொல்லிவிட்டு, எழுந்துபோய் ஒவ்வொரு ஸ்பீக்கரின் தலைமேலும் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி நின்றார். டை கட்டிய ஆள் என்னிடம் மெதுவாக, "சார் பெரிய விஷயம் தெரிஞ்சவருங்களாட்ட இருக்குதுங்க," என்றார். ஆமாங்க என்றேன். கையால் கேட்டுக்கொண்டிருந்தார் என் வீட்டுக்காரர். இருப்பதிலேயே கனமான நடு ஸ்பீக்கரைக் கைகாட்டினார். நேற்றுச் சாயங்காலம் தும் தும் என்று அடிக்கிற ஊஃபர் பெட்டிக்கு இடம் பார்க்கிறேன் என்று அதைச் சோபாமேல் தூக்கி வைத்துப் பாட்டைப் போட்டுவிட்டு, ஹால் முழுக்கத் தவழ்ந்தார், எந்த மூலையில் தும் தும் நன்றாகக் கேட்கிறதோ அங்கேதான் அதை வைக்க வேண்டுமாம். அறுபத்து மூன்று வயதில் ஷோகேஸுக்கு அடியில் தலையைவிட்டுக்கொண்டு, "இங்க பாரு அம்மிணி, இங்க அள்ளுது!" என்கிறார். தும் தும் இவருக்கு நன்றாகவே கேட்கிறது. விசிலும் பேச்சின் ஓரங்களும்தான் போய்விட்டன. சந்தோஷத்தில் முட்டியைத் தேய்த்துக்கொண்டு எழுந்தார், நான் தைலம் தேய்த்துவிட்டேன். சாமி அலமாரிக்கு நேர் கீழே ஒரு ஸ்பீக்கர் வைக்கப் பார்த்தார், அது மட்டும் ஆகாது என்று சொல்லிவிட்டேன். முருகன் வருஷக்கணக்காக அமைதியாக இருக்கிறார், இருந்துவிட்டுப் போகட்டும். ஒன்றரை அடி தள்ளி வைத்தார்.

அளந்து முடித்தாயிற்று. உள்ளங்கையைப் பார்த்துப் பார்த்து ரிமோட்டில் ஒவ்வொரு எண்ணாக அழுத்துகிறார். அரிசி ஊறிக்கொண்டிருக்கிறது, பீன்ஸ் நறுக்கவில்லை, மணி பதினொன்றாகிவிட்டது. எழுந்துவிடலாமா. எழுந்தால் மட்டும். இன்றைக்கென்று கரண்டும் போக மாட்டேன் என்கிறது, வேறு நாளாக இருந்தால் இந்நேரம் மூன்று தடவை போயிருக்கும். யாராவது கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தால் தேவலை. "எந்திரி, இப்ப நான் ஒக்கார்றேன். டெஸ்ட்டு போடறேன், ஒவ்வொண்ணா வரும்," என்கிறார். எழுந்து ஜன்னல் பக்கம் நிற்கிறேன். முன்னால் இடது, ஸ்ஸ் என்று ஆவி போகிற மாதிரி ஒரு இரைச்சல், மூன்று வினாடி. தலையாட்டுகிறார். நடு ஸ்பீக்கர். தலையாட்டுகிறார். முன்னால் வலது. லேசாகத் தலையைச் சாய்க்கிறார், சரி என்கிறார். பின்னால் வலது. எனக்கு நன்றாகக் கேட்கிறது. அவர் காத்துக்கொண்டிருக்கிறார். பின்னால் இடது, டக்கென்று அந்தப் பக்கம் முகம் போகிறது. "பின்னாடி வலது செத்தாப்ல இருக்குதே," என்கிறார். மறுபடி சுற்று. மறுபடி. எழுந்துபோய் ஒயரின் முனையைப் புதிதாகச் சீவி முறுக்கிப் பூட்டுகிறார். வந்து உட்கார்கிறார். முகத்தில் கவலை இல்லை. பழுது என்று ஒன்று கிடைத்துவிட்டால் இவருக்கு உள்ளூரக் குஷிதான். மாத்திப் போட்டுப் பாக்கணும் என்கிறார். எனக்கு அந்த வார்த்தை தெரியும். மில்லில் இவர் வேலையே அதுதான். சந்தேகப்படுகிற சாமானைக் கழற்றி, நன்றாக ஓடுகிற இடத்தில் போட்டுப் பார்ப்பது. கோளாறு சாமானோடு கூடவே போனால் கோளாறு சாமானில். அங்கேயே நின்றால் வேறு எதிலோ. இடது பின் ஸ்பீக்கரை வலதில் வைக்கிறார், வலதை இடதில். கோளாறு நகரவில்லை. ஒயரை மாற்றுகிறார். நகரவில்லை. ஆம்ப்ளிஃபயரின் முதுகில் பூட்டுகிற இடத்தை மாற்றுகிறார். நகரவில்லை, வலது பக்கத்திலேயே நிற்கிறது. ஒவ்வொரு தடவையும் சோபாவில் வந்து உட்காரும்போது கொஞ்சம் மெதுவாக உட்கார்கிறார். மாற்றுவதற்கு இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது என்று நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

கடைசியில் என் பக்கம் திரும்புகிறார். "உனக்கு வருதா அம்மிணி?" இல்லீங்க என்றால் போதும். ஒரே சொல். பெட்டியில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோவார், அந்த டை கட்டிய ஆளிடம் சண்டை போடுவார், வேறு ஸ்பீக்கர் வரும், அதுவும் செத்திருக்கும். அவர்கள் அங்கே போட்டுக் காட்டுவார்கள், எல்லோரும் சுற்றி நின்றுகொண்டு நல்லாத்தானே வருது சார் என்பார்கள். சுற்றி நின்றுகொண்டு. நடுவில் இவர் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்பது கண்ணில் வந்துவிட்டது. அங்கே வேண்டாம். தெரிவதானால் இங்கே தெரியட்டும், நான் மட்டும் இருக்கிறபோது. "வருதுங்க," என்கிறேன். நேராக அவரைப் பார்த்து, உதடு தெரிகிற மாதிரி. "நல்லா வருதா?" "மத்ததெல்லாம் எப்புடி வருதோ அப்புடியேதானுங்க வருது." ரிமோட்டைப் பார்க்கிறார். ஸ்பீக்கரைப் பார்க்கிறார். பிறகு எழுந்து, சாப்பாட்டு மேஜையிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து சோபாவுக்கு முன்னால் போட்டு, டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்கிறார். எனக்குப் புரிந்துவிட்டது. வேண்டாங்க என்று சொல்ல வாயெடுப்பதற்குள் ரிமோட்டை அழுத்திவிடுகிறார். இரைச்சல் சுற்றி வருகிறது. இத்தனை நேரம் செத்துக் கிடந்த ஸ்பீக்கர் இப்போது இவருக்கு இடது கைப்பக்கம். அது இரைந்ததும் சட்டென்று தலை அந்தப் பக்கம் திரும்புகிறது. அடுத்தது இரைகிறது, இத்தனை நேரம் இவருக்கு நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது. தலை திரும்பவில்லை. எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு டிவியைப் பார்த்து உட்கார்கிறார், ஒரு சுற்று. மறுபடி முதுகைக் காட்டி, ஒரு சுற்று. மூன்று தடவை பார்க்காமல் இவர் எந்த பேரிங்கையும் போச்சு என்று சொன்னதில்லை.

கோளாறு இவரோடு கூடவே திரும்புகிறது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?" "ரெண்டு வருசமாச்சுங்க." "சொல்லியிருக்கலாமல்ல." "சொன்னா நீங்க பேசறதை உட்ருவீங்களோன்னு பயமா இருந்துச்சுங்க. காளியப்பண்ணனாட்டம்." சொல்லும்போதே அழுதுவிட்டேன், இந்த வயதில், பட்டப்பகலில், ஐந்து ஸ்பீக்கர்களுக்கு நடுவில் நின்றுகொண்டு. அவர் கண்ணும் கலங்கித்தான் இருக்கிறது. பயந்தேன், அந்த மோட்டார் எரிந்த நாளின் முகம் வரப்போகிறது என்று. வேறு ஏதோ ஓடுகிறது முகத்தில். பக்கத்தில் வருகிறார். "அப்ப அந்த டிவி," என்கிறார். "தெனமும் நாப்பதுல வெச்சனே. உனக்குக் காது வலிச்சிருக்குமே அம்மிணி." கேட்டுவிட்டு என் உதட்டையே பார்க்கிறார். அதெல்லாம் இல்லீங்க என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இரண்டு வருஷமாகப் பொய் சொல்லி எனக்கே சலித்துப் போயிற்று.

"வலிச்சுதுங்க," என்கிறேன்.

ரிமோட்டை டிவி பக்கம் நீட்டிச் சத்தத்தைக் குறைக்கிறார், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு புள்ளியாக, நான் போதும் என்று தலையாட்டுகிற வரைக்கும். எனக்குப் போதுமான அந்த அளவில் இவருக்கு ஒன்றுமே கேட்காது என்று இரண்டு பேருக்குமே தெரிகிறது. இருந்தாலும் நல்லா இருக்குதல்ல என்கிறார். நான் அவர் கையிலிருந்து ரிமோட்டை வாங்கி, இரண்டு புள்ளி ஏற்றி வைக்கிறேன்.